அந்த மொட்டைப் படத்தை இறக்கிவிடுங்கள்

தமிழ் நாளிதழ்கள், இணையதளங்கள், யூடியூப் சேனல்கள் ஆகியவற்றில் பொழுதுபோக்குப் பக்கங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு,

அமெரிக்க பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நம் பக்கங்களில் முதலில் ஏறுவது ஒரே படம்தான். 2007 பிப்ரவரி 16 இரவு, லாஸ் ஏஞ்சலீஸின் டார்சானா பகுதியில் ஒரு சலூன் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்தது. கையில் மிஷின், பாதி மழித்த தலை. டிசம்பர் 2 பிறந்தநாள் என்றாலும் அந்தப் படம். வழக்கு என்றாலும் அந்தப் படம். இன்ஸ்டாகிராமில் இரண்டு வரி எழுதினார் என்றாலும், தம்ப்நெயிலின் மூலையில் சிவப்பு வட்டம் போட்டு அதே படம். மேலே ‘பைத்தியமான பாப் ராணி’ என்கிற ரகத்தில் ஒரு தலைப்பு. பிப்ரவரி வந்தால் ‘அன்று நடந்தது என்ன?’ என்று பன்னிரண்டு படங்களோடு ஒரு கேலரி வேறு.

நாங்கள் ரசிகர் மன்றம் இல்லை. அவர் பாட்டு பிடிக்குமா, பிடிக்காதா என்பது இங்கே விஷயமும் இல்லை. ஒரு படமும் ஒரு தலைப்பும் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். நீங்கள் திரும்பத் திரும்பப் போடுவது நடந்த ஒன்றின் பதிவு மட்டுமல்ல, விலைக்காகத் தயாரித்த சரக்கு. அந்தத் தயாரிப்பு முறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரபலங்களைத் துரத்திப் படமெடுத்து விற்பவர்கள்தான் பாப்பராசிகள். பாப்பராசிப் படம் ஒரு போன் அழைப்பில் தொடங்கும். ஹோட்டல் வாசலில் சாவி வாங்கிக் காரை நிறுத்துபவரோ, கடை ஊழியரோ, பெட்ரோல் பங்கில் நிற்பவரோ, யாராவது ஒருவர் தகவல் கொடுப்பார். 2007இல் பிரிட்னி விஷயத்தில் அதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. படம் விற்கும் ஏஜென்சிகள் ஷிப்ட் போட்டு ஆள் நிறுத்தியிருந்தன, வீட்டுக் கேட் திறந்தால் கார்கள் பின்தொடரும். சிக்னலில் ஒரு கார் முன்னால் போய் மறிக்கும், மற்றவை பின்னால் நெருக்கும். இறங்கியதும் வாயைக் கிளறுவார்கள். சும்மா நடந்து போகிற படத்துக்கு விலை இல்லை. முகம் சுளிக்க வேண்டும், கண் கலங்க வேண்டும், கை ஓங்க வேண்டும். அதற்காகப் பிள்ளைகளைப் பற்றி, பிரிந்த கணவரைப் பற்றி, குடியைப் பற்றி ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்துவார்கள். “உங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது” என்று அனுதாபமாகக் கேட்பதும் இதே வேலையின் இன்னொரு ராகம்.

அடுத்து ஃபிளாஷ். இருட்டில் எவருடைய கண்மணியும் விரிந்துதான் இருக்கும். ஃபிளாஷ் அடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், கண்மணி சுருங்க அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். ஆகவே படத்தில் விரிந்த, வெறித்த கண்தான் விழும். ‘போதையில் இருந்தாரா?’ என்று நாம் கேப்ஷன் போடும் பல படங்களில் நடந்திருப்பது இவ்வளவுதான். அருகில் வைத்து நேருக்கு நேராக அடித்த ஃபிளாஷ் முகத்தை வெளுப்பாக்கும், வியர்வையை எண்ணெய்ப் பிசுக்காகக் காட்டும், பின்னணியைக் கறுப்பாக்கும். பின்னணி கறுத்துப்போனால் சுற்றி நிற்கும் இருபது போட்டோகிராபர்களும் காணாமல் போவார்கள். அந்தப் பெண் மட்டும் யாருமில்லாத இருட்டில் தனியாக நின்று கத்துவது போல இருக்கும்.

அந்தக் காலத்துத் தொழில்முறைக் கேமராக்கள் நொடிக்கு 8 முதல் 10 பிரேம் எடுத்தன. ஆறு விநாடி பட்டனை அழுத்தினால் ஏறக்குறைய ஐம்பது தேறும். கண் பாதி மூடியது, வாய் கோணியது, முடி முகத்தில் விழுந்தது என்று அதில் ஒன்றிரண்டு கட்டாயம் கிடைக்கும். ஏஜென்சி மேசையில் முதலில் பொறுக்குவது அதைத்தான். பிறகு கிராப். பக்கத்தில் நீண்டிருக்கும் இன்னொரு கேமராவின் முனை வெட்டப்படும். முதல் விற்பனை எக்ஸ்க்ளூசிவ். ஓரிரு வாரம் கழித்து எல்லோருக்கும். அதன்பின் படக் கிடங்கு. அங்கிருந்து சந்தாவில் வருவதைத்தான் நீங்கள் ஒரு சொடுக்கில் இறக்கிப் போடுகிறீர்கள். அப்படி இறங்கும் ஒவ்வொரு முறையும், இந்த மாதிரிப் படத்துக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது என்று அந்தச் சந்தைக்குச் சொல்கிறீர்கள்.

குடைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைக்கு ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 21. பிரிந்த கணவர் வீட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார், பார்க்க முடியவில்லை. கூடவே போட்டோகிராபர்களின் கார்கள். ஒரு கட்டத்தில் இறங்கிவந்து, துரத்தியவர்களில் ஒருவருடைய காரை ஒரு பச்சைக் குடையால் அடித்தார். நாம் போடும் படத்தில் வெறித்த முகமும் ஓங்கிய குடையும் மட்டும் இருக்கின்றன. அவர் அடித்தது ஓர் ஆளை அல்ல, காரை என்பதுகூடப் பல கேப்ஷன்களில் இல்லை. அந்தப் போட்டோகிராபர், பிரிட்னி பற்றி 2021இல் வந்த ஆவணப்படத்தில் பேசினார். தங்கள் படப்பிடிப்பு பிடிக்கவில்லை என்று பிரிட்னி ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை என்றார். ‘என்னை விடுங்கள்’ என்று அவர் சொன்னாரே என்று கேட்டதற்கு, இன்றைக்கு மட்டும் விடுங்கள் என்றுதான் அதற்குப் பொருள், என்றைக்கும் விடுங்கள் என்றா பொருள் என்கிற தொனியில் பதில் சொன்னார்.

அந்தப் பிப்ரவரிக்கு முன் அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? 2005 செப்டம்பரிலும் 2006 செப்டம்பரிலும் இரண்டு பிரசவம். 2006 நவம்பரில் விவாகரத்து மனு. 2007 ஜனவரியில் நெருக்கமான அத்தை புற்றுநோயில் மரணம். பிள்ளைகள் யாரிடம் என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. வயது 25. எங்கள் பார்வைக்கு வந்த தமிழ்க் கேலரிகளில் இந்த நான்கு வரி இருந்ததில்லை. பதின்ம வயதிலிருந்தே எல்லோரும் தன் உடலை மேலும் கீழும் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள், தலையை மழித்தது அதற்கு எதிராகத் தான் காட்டிய எதிர்ப்பு என்று 2023 அக்டோபரில் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதிவிட்டார். அதன் பிறகாவது கேப்ஷன் மாறியிருக்க வேண்டும்.

மொட்டையைப் பைத்தியத்தின் அடையாளமாக எழுதுகிற தைரியம் தமிழில் எழுதும் நமக்கு எப்படி வந்தது என்பதுதான் பெரிய வேடிக்கை. பழனியிலும் திருத்தணியிலும் ஆணும் பெண்ணும் குழந்தையும் வரிசையில் உட்கார்ந்து முடி கொடுக்கிறார்கள், சந்தனம் பூசிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நமக்கு மொட்டை வேண்டுதல், துக்கம், கோடை வெயில், இன்னும் பல. அமெரிக்க வாரப் பத்திரிகை சொன்ன ஒரே அர்த்தத்தை மட்டும் அப்படியே இறக்குமதி செய்திருக்கிறோம்.

படத்துக்கு முன்பே இருந்தது விசாரணை. 1992இல், பத்து வயதில், ஒரு திறமைப் போட்டி நிகழ்ச்சியில் பாடி முடித்ததும் வயதான தொகுப்பாளர் கேட்டது, உனக்குக் காதலன் உண்டா என்று. 1998இன் முதல் வெற்றிக்குப் பிறகு பேட்டிகளில் கன்னித்தன்மை பற்றியும் மார்பு பற்றியும் நேராகவே கேட்டார்கள். 2002இல் காதல் முறிந்தபோது குற்றம் முழுக்க அவர் தலையில் ஏறியது. அந்தக் காதலர் ஜஸ்டின் டிம்பர்லேக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில். 2003 நவம்பர் ஏபிசி பேட்டியில், வாய்ப்புக் கிடைத்தால் பிரிட்னியைச் சுட்டுவிடுவேன் என்று மேரிலாந்து ஆளுநரின் மனைவி சொன்னதை அவர் முகத்துக்கு எதிரே வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இல்லை என்பதுதான் அவர்மேல் குற்றச்சாட்டு.

2008 ஜனவரியில் இது உச்சத்துக்குப் போனது. அந்த மாதம் இரண்டு முறை அவர் மனநலப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆம்புலன்ஸுக்குள் ஸ்ட்ரெச்சரில் கிடப்பதைக் கண்ணாடி வழியாக ஃபிளாஷ் அடித்து எடுத்தார்கள், அதுவும் விற்றது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் பிரிவில், இனிமேல் பிரிட்னி சம்பந்தப்பட்ட ஏறக்குறைய எல்லாமே பெரிய செய்திதான் என்று உள்சுற்றறிக்கை போனது. அதே நிறுவனம் அவருக்கு முன்கூட்டியே மரணச் செய்தியும் தயாரித்து வைத்தது. வயதான தலைவர்களுக்கு அப்படித் தயாரித்து வைப்பது செய்தி மேசையில் வழக்கம்தான். இவருக்கு வயது 26.

இனி சொல்லப்போவது மொழிபெயர்ப்புப் பிழை. எங்கள் கணக்கில் படத்தைவிட இதுதான் பெரிய தீங்கு.

2008 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றம் பிரிட்னியைத் தற்காலிக கன்சர்வேட்டர்ஷிப்பின் கீழ் வைத்தது, அதாவது அவருக்காக முடிவெடுக்கும் உரிமையைப் பிறரிடம் கொடுத்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் அதை நிரந்தரமாக்கினார்கள். இது இரண்டு துண்டு. ஒன்று ஆள் மீதான அதிகாரம்: எங்கே இருப்பது, எந்த மருத்துவர், யார் வந்து பார்க்கலாம். மற்றது சொத்து மீதான அதிகாரம்: வங்கி, ஒப்பந்தம், செலவு. இரண்டிலும் தந்தை ஜேமி ஸ்பியர்ஸ். சொத்துக்கு அவரோடு ஒரு வழக்கறிஞரும். தந்தையின் சம்பளமாக மாதம் 16,000 டாலர் மகளின் பணத்திலிருந்து போனது. இந்த ஏற்பாட்டை எதிர்த்து பிரிட்னி தானாக ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முயன்றபோது, அதற்கான தகுதி அவருக்கு இல்லை என்று நீதிமன்றம் மறுத்து, தானே ஒருவரை நியமித்தது. இரு தரப்பு வக்கீல் கட்டணமும் அவர் பணம்தான்.

இந்த ‘கன்சர்வேட்டர்’ என்ற சொல்லை நம் செய்தி மேசைகள் ‘பாதுகாவலர்’ என்று பெயர்த்தன. தமிழில் பாதுகாவலர் என்றால் நடிகருக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்டு நிற்பவர், இல்லையென்றால் அனாதைப் பிள்ளையை வளர்ப்பவர். இரண்டுமே நல்லவர். அந்தச் சொல்லை வைத்தவுடன் ‘தந்தையின் பாதுகாப்பிலிருந்து விலக அடம்பிடிக்கும் பாடகி’ என்று தலைப்பு தானாகவே எழுதிக்கொள்கிறது. தந்தை காப்பவர், மகள் அடங்காதவள் என்று செய்தியின் தீர்ப்பு ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் மொட்டைப் படம் இருந்தால் வாசகருக்குச் சந்தேகமே எழாது.

அந்த 13 ஆண்டுகளில் ‘தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்’ செய்த வேலையைப் பாருங்கள். 4 ஆல்பம். பல நாடுகளில் சுற்றுப்பயணம். 2012இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நடுவர். 2013 டிசம்பர் முதல் 2017 டிசம்பர் வரை லாஸ் வேகஸில் 248 மேடை நிகழ்ச்சி. அந்த நான்கு ஆண்டு நிகழ்ச்சிகளின் டிக்கெட் வசூல் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல். தனக்கு வக்கீல் வைக்கத் தகுதியில்லாதவருக்கு இரவு தோறும் தொண்ணூறு நிமிடம் ஆடிப் பாடத் தகுதி இருந்தது. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்கப் புலனாய்வு தேவையில்லை, இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ரசிகர்கள் அதைச் செய்தார்கள். பெரிய பத்திரிகைகள் பல ஆண்டு அவர்களைச் சதிக்கதை பேசுகிறவர்கள் என்றே எழுதின.

2021 ஜூன் 23 அன்று, விசாரணையைப் பொதுமக்கள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பிரிட்னி நீதிமன்றத்திடம் இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். விருப்பமில்லாமல் வேலை செய்ய வைத்தது, லித்தியம் என்ற மனநல மருந்தைக் கொடுத்தது, இன்னொரு குழந்தை பெற விரும்பியும் கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடாதது எல்லாவற்றையும் சொன்னார். மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று இத்தனை காலம் உலகத்திடம் பொய் சொன்னேன் என்றும் சொன்னார். ஜூலை 14இல்தான் தானே வக்கீலைத் தேர்ந்தெடுக்க அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 29இல் தந்தையை இடைநீக்கம் செய்தார்கள், நவம்பர் 12இல் ஏற்பாடே முடிவுக்கு வந்தது.

2007 படங்களைப் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவெடுத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அவருடைய மருத்துவ ஆவணங்கள் முத்திரையிடப்பட்டவை, அவருக்கு என்ன நோய், நோய் உண்டா இல்லையா என்பது எங்களுக்கோ உங்களுக்கோ தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அத்தனை ஆண்டு எவரும் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்காமல் இருந்ததற்கு அந்தப் படங்கள் போதுமானதாக இருந்தன. ‘அந்த மொட்டையடித்த பெண்தானே, யாராவது பார்த்துக்கொள்ளட்டும்’ என்பது உலகம் முழுக்க ஒரே வாயாக வந்தது, தமிழிலும் வந்தது.

உங்கள் பதில்கள் எங்களுக்குத் தெரியும். ஏஜென்சி அனுப்பியதைத்தான் போட்டோம் என்பீர்கள். பணம் கட்டி வாங்கியது சட்டப்படி சரியாக இருக்கலாம். இளவரசி டயானா மரணத்துக்குப் பிறகு கலிபோர்னியா 1998இல் பாப்பராசிகளுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அத்துமீறி எடுத்தது என்று தெரிந்தே படத்தை வாங்கி வெளியிடும் நிறுவனங்கள் மீதும் வழக்குப் போடலாம் என்று 2009இல் திருத்தினார்கள். ஆனால் அது முதல் கைமாற்றத்தோடு நின்றுவிடும். நான்காவது, நாற்பதாவது கைக்கு அந்தச் சட்டம் வராது. நாம் நாற்பதாவது கை. நம்மைப் பிடிக்க அங்கே சட்டமில்லை, அதனால்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ச் சட்டத்தையாவது பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 24: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ அவர் பற்றிய தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்கு வெளியிடக் கூடாது. 2019இல் இந்தியப் பிரஸ் கவுன்சிலும் இதை எடுத்துக்காட்டிப் பத்திரிகைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. சென்னை மருத்துவமனை வாசலில் ஒரு தமிழ்ப் பாடகியை ஸ்ட்ரெச்சரில் வைத்து இப்படி எடுத்தால் போட யோசிப்பீர்கள். கலிபோர்னியா என்றவுடன் அந்த யோசனை எங்கே போகிறது?

‘அவரே இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றையும் போடுகிறாரே’ என்பது இரண்டாவது பதில். 2023 ஜனவரியில் அவர் தன் கணக்கை நீக்கினார். கவலைப்பட்ட ரசிகர்கள் போலீஸுக்குப் போன் செய்தார்கள், வென்சுரா கவுண்டி போலீஸார் வீட்டுக்கே போனார்கள். அவர் நலமாக இருந்தார், அந்தரங்கத்தை மதியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். செப்டம்பரில் கத்திகளோடு ஆடி ஒரு வீடியோ போட்டார். மறுபடியும் போலீஸ். படப்பிடிப்புச் சாமான்களை வாடகைக்குத் தரும் கடையில் எடுத்த பொய்க் கத்திகள் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. போட்டாலும் குற்றம், நீக்கினாலும் குற்றம். அன்று தெருவில் நின்ற கேமரா இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கிறது, முன்பு பணத்துக்காகச் செய்ததை இப்போது அக்கறை என்ற பெயரில் செய்கிறோம். அந்த வீடியோவிலிருந்து கண் விரிந்த ஒரு பிரேமைப் பிடித்துத் தம்ப்நெயில் ஆக்குகிறவர், 2007இல் ஐம்பதில் ஒன்றைப் பொறுக்கிய மேசைக்குத் தம்பி.

எங்கள் கோரிக்கைகள் இவை.

2007 மொட்டைப் படம், குடைப் படம், 2008 ஆம்புலன்ஸ் படம் மூன்றையும் உங்கள் படக் கிடங்கிலிருந்து எடுங்கள். கேலரிகளை நீக்குங்கள். பழைய பக்கம் என்று விட்டுவைக்காதீர்கள், தேடினால் முதலில் வருவது அதுதான். படத்தை நீக்கினால் பக்கம் உடையும் என்று தொழில்நுட்பப் பிரிவு சொன்னால், அதே முகவரியில் மேடைப் படம் ஒன்றை மாற்றி ஏற்றச் சொல்லுங்கள். ஊடகத்தின் துரத்தலையே ஆராயும் கட்டுரை என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் கிராப் செய்யாத பிரேமைப் போடுங்கள், சுற்றி நிற்பவர்கள் தெரியட்டும்.

‘பாதுகாவலர்’ வேண்டாம். ‘நீதிமன்றம் நியமித்த சட்டப் பொறுப்பாளர்’ என்று எழுதுங்கள். முதல் முறை வரும் இடத்தில் இந்த வாக்கியத்தை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்: ‘பிரிட்னியின் பணம், மருத்துவம், ஒப்பந்தம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமையை 2008 முதல் 2021 வரை நீதிமன்றம் பிறரிடம் கொடுத்திருந்தது.’ உங்கள் நடைக்கையேட்டில் இது ஏறட்டும். தலைப்பில் இடமில்லை என்றால் ‘உரிமை வழக்கு’ போதும்.

பைத்தியம், மெண்டல், சைக்கோ, புத்தி பேதலித்த ஆகிய சொற்களை எவருக்கும், எந்தச் செய்தியிலும் போடாதீர்கள். ஒருவருடைய நோயைப் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், ‘கேள்விக்குறி போட்டுவிட்டோமே’ என்ற சமாதானமும் வேண்டாம். அவர் இன்ஸ்டாகிராமில் சொன்னதைச் செய்தியாக்கினால் அவர் சொன்ன வாசகத்தைக் கொடுங்கள், பிரேமைப் பொறுக்காதீர்கள். ஏஐ கொண்டு செய்த முகத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். ரசிகர்கள் கவலை என்று செய்தி போட்டால், போலீஸ் போய்ப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பது தலைப்பிலேயே வரட்டும், ஒன்பதாவது பத்தியில் அல்ல.

கடைசியாக, இரவு ஷிப்டில் தனியாக உட்கார்ந்து மொழிபெயர்க்கும் பயிற்சி உதவி ஆசிரியர் மேல் பழியைப் போடாதீர்கள். இருபது நிமிடத்தில் பக்கம் ஏற்று என்று சொல்வது நீங்கள். மேலே சொன்னவற்றை ஒரு பக்கமாக அச்சடித்து அந்த மேசையில் ஒட்டுங்கள், சந்தேகம் வந்தால் படமில்லாமல் செய்தியை ஏற்றலாம் என்று அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். வருகிற டிசம்பர் 2 அன்று உங்கள் பக்கங்களைத் திறந்து பார்ப்போம்.